மூச்சுக்கு ஏற்ப நடையைச் சுருக்கிக்கொள்ளும் முதியவர்கள்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

சம்பா அறுவடை முடிந்த கையோடு டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பல, வீட்டுப் பெரியவர்களின் இருமலையும் இளைப்பையும் பற்றியவையாக இருந்ததால், இந்த இதழில் இப்பகுதி முழுவதும் முதியோரின் நுரையீரலுக்கே ஒதுக்கப்படுகிறது. எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து, ஊர்ப்பக்கத்தை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம். நெஞ்சக நோய் மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் தந்தைக்கு 68 வயது. ஆறு மா நிலத்தில் சொந்தமாகச் சாகுபடி செய்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை மிதிவண்டியிலேயே வயலுக்குப் போய்வந்தவர், இப்போது என் மகனை வண்டியில் கொண்டுபோய் விடச் சொல்கிறார். கோயிலுக்குப் போனாலும் பிரகாரம் சுற்றாமல் முன்மண்டபத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். "மூச்சு வாங்குகிறதா அப்பா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒன்றும் இல்லை, வயசாகிறது இல்லையா" என்கிறார். பீடிப் பழக்கத்தை விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இது முதுமையா, நோயா? (மன்னார்குடிப் பக்கத்து வாசகர்)

பதில்: உங்கள் தந்தை எதையும் மறைக்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு மூச்சு வாங்காமல் இருப்பது உண்மையாகவே இருக்கலாம். மூச்சு வாங்கும் அளவுக்கு அவர் இப்போது எதையும் செய்வதில்லை. மிதிவண்டியை விட்டார், பிரகாரத்தை விட்டார், இன்னும் எதையெதை விட்டார் என்று உங்கள் தாயாரைக் கேட்டால் அவர் ஒரு பட்டியலே சொல்வார். நுரையீரல் மெல்ல மெல்லத் தளரும்போது முதியவர்கள் தங்களை அறியாமலேயே அன்றாட வாழ்க்கையை மூச்சு அனுமதிக்கும் எல்லைக்குள் சுருக்கிக்கொள்கிறார்கள். ஆகவே மருத்துவர் "மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலே வரும், "போன வருஷம் செய்து இந்த வருஷம் செய்யாத வேலை எது?" என்று கேட்டால்தான் விஷயம் வெளிப்படும். என்னிடம் வருகிற பெரியவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். பெரும்பாலும் பதில் சொல்பவர் உடன் வந்த மனைவியாகவோ மருமகளாகவோ இருப்பார்.

நுரையீரலின் திறன் சுமார் 25 வயதில் உச்சத்தை அடைகிறது. முப்பதைத் தாண்டிய பிறகு, புகைப் பழக்கமே இல்லாதவருக்கும், பலமாக ஊதும்போது முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றின் அளவு ஆண்டுக்கு 25 முதல் 30 மில்லி லிட்டர் வரை குறைந்துகொண்டே வரும். இது இயல்பான முதுமை. புகையால் எளிதில் பாதிக்கப்படும் உடல்வாகு உள்ளவர் தொடர்ந்து புகைத்தால் இந்த இழப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. இயற்கை நமக்குத் தேவைக்கு மிக அதிகமாகவே நுரையீரலைக் கொடுத்திருப்பதால், சேமிப்பில் பெரும்பகுதி கரையும் வரை உட்கார்ந்திருப்பவருக்கோ மெதுவாக நடப்பவருக்கோ எதுவும் தெரிவதில்லை. பீடியை விட்டது மிக நல்ல காரியம்; விட்ட பிறகு இழப்பின் வேகம் புகைக்காதவரின் அளவுக்கு நெருங்கி வந்துவிடும். ஆனால் அதற்கு முன்பு போனது திரும்பி வருவதில்லை என்பதால், அந்தப் பழைய பாதிப்பு அறுபது, எழுபது வயதில் வந்து தலைகாட்டுவது உண்டு.

வயதா நோயா என்று பிரித்தறிய வீட்டிலேயே கவனிக்கக்கூடியவை சில உள்ளன. அவரை அவர் வயதொத்த நண்பருடன் சமதரையில் நடக்கவிட்டுப் பின்னால் இருந்து பாருங்கள். முதுமை இருவருக்கும் பொதுவானது. அவர் மட்டும் பின்தங்கினால், அல்லது தன் போக்கில் நடக்கும்போதே நடுவில் நின்று மூச்சை வாங்கிக்கொண்டால், அது கணக்கில் எடுக்க வேண்டிய அறிகுறி. மருத்துவத்தில் மூச்சிரைப்பை 0 முதல் 4 வரை ஐந்து படிகளாகப் பிரிக்கிறோம். நான் சொன்னது அதில் 2ஆம் படி. நூறு மீட்டர் நடந்தாலே நிற்க வேண்டியிருப்பது 3ஆம் படி. நிற்கிறவர்கள் மூச்சுக்காக நிற்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். மதகில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்ப்பார்கள், துண்டை உதறித் தோளில் போடுவார்கள், எதிரே வருகிறவரை நிறுத்தி விசாரிப்பார்கள். ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் பேச்சு நின்று, இறக்கத்தில் மறுபடி தொடங்குகிறதா என்று கவனியுங்கள். குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதும், குனிந்து செருப்பு மாட்டும்போதும், கைகளை உயர்த்திச் சட்டை போடும்போதும் இளைப்பு தெரிகிறதா என்றும் பாருங்கள். திண்ணையில் உட்காரும்போது இரு கைகளையும் முழங்கால்மேல் ஊன்றி முன்பக்கம் சாய்ந்தே உட்காருவதும், விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்துக் காற்றை விடுவதும் நோய் சற்று முற்றிய பிறகு தோன்றுபவை.

இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும், இவை எதுவும் இல்லாவிட்டாலும்கூடப் பீடிப் பழக்கம் இருந்த காரணத்தாலேயே, அவருக்கு ஒருமுறை ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனையைச் செய்துவிடுவது நல்லது. தஞ்சாவூர், திருவாரூர் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள். மூக்கில் கிளிப் மாட்டி, முழு மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி, குழாயை உதட்டால் இறுகப் பற்றிக்கொண்டு ஒரே வேகத்தில், உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றும்வரை, ஆறு நொடியாவது ஊதச் சொல்வார்கள். இதைக் குறைந்தது மூன்று முறை செய்துவிட்டு, மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தைக் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். பெரியவர்கள் கூச்சத்தில் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். அரைகுறையாக ஊதிய அறிக்கை தவறான முடிவைத் தரும் என்பதால், முந்தின நாளே வீட்டில் எப்படி ஊத வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம். அண்மையில் மாரடைப்பு வந்திருந்தாலோ, கண்புரை அறுவை செய்திருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மருந்துக்குப் பிறகும், முதல் நொடியில் வெளியேறிய காற்று மொத்தமாக ஊதிய காற்றில் 70 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால், சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய் என்று கருதுவது வழக்கம். வயது ஏற ஏற இந்த விகிதம் இயல்பாகவே சற்றுக் குறையும் என்பதால், 68 விழுக்காடு, 69 விழுக்காடு என்று எல்லையில் நிற்கும் முதியவரை உடனே நோயாளி என்று முத்திரை குத்திவிடாமல், அறிகுறிகளையும் அவர் வயதுக்குரிய கீழ் எல்லையையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

ஊதி அளக்கும் இந்தக் கருவியை 1846இல் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் அறிமுகம் செய்தார். கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அதற்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1896இல்தான் வந்தது. பின்னால் வந்தது இன்று மருந்துக்கடை வரை வந்து சேர்ந்துவிட்டது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே பார்க்கிறார்கள். முன்னால் வந்ததைத் தேடி நாம்தான் போக வேண்டியிருக்கிறது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கேள்வி: என் தாயாருக்கு 63 வயது. வாழ்நாளில் புகையிலையைத் தொட்டதில்லை. நாற்பது ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தவர். அந்தக் காலத்தில் வீட்டிலேயே நெல் அவித்தவர். இப்போது சமையல் எரிவாயுவில்தான். மார்கழி, தை மாதங்களில் காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் இருமிச் சளி துப்பினால்தான் அவருக்குச் சரியாகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து "நெஞ்சு சுத்தமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டார்கள். நிம்மதியாக இருக்கலாமா? (பாபநாசம் பக்கத்து வாசகி)

பதில்: எக்ஸ்ரே சுத்தமாக இருப்பது நல்ல செய்திதான், காசநோய், நிமோனியா, பெரிய கட்டி போன்றவை இல்லை என்று ஓரளவு நம்பலாம். ஆனால் மூச்சுக்குழல்கள் சுருங்கத் தொடங்கும் ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரே பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். எக்ஸ்ரே நுரையீரலின் தோற்றத்தைத்தான் காட்டும். காற்று எவ்வளவு வேகத்தில் போய்வருகிறது என்பதை ஊதும் பரிசோதனைதான் சொல்ல முடியும்.

விறகு, வறட்டி, உமி இவற்றின் புகை சி.ஓ.பி.டி. நோய்க்கு ஐயமற நிறுவப்பட்ட காரணம். நம் ஊர்களில் புகைக்காத பெண்களுக்கு இந்த நோய் வருவதன் முதற்காரணமும் அதுவே. கூரை தாழ்ந்த அடுக்களையில், ஊதுகுழலால் அடுப்பை ஊதி ஊதி நெருப்பைத் தூண்டியவர்களின் நெஞ்சுக்குள் போன புகைக்குக் கணக்கே இல்லை. ஆண் இருமினால் "பீடியை நிறுத்து" என்று சொல்லவாவது வீட்டில் ஆள் இருக்கிறது. பெண் இருமினால் "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உங்கள் தாயாருக்கு மார்கழிப் பனி நோயைக் கொண்டுவரவில்லை, உள்ளே இருப்பதைத் தூண்டிவிடுகிறது என்பதே என் ஐயம். ஆண்டில் மூன்று மாதங்களுக்குச் சளியுடன் கூடிய இருமல், அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வந்தால், வேறு காரணம் தென்படாத நிலையில் அதை நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி என்று மருத்துவம் வரையறுத்திருக்கிறது. எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை இருமல் இருக்கிறது என்று நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.

சளியின் நிறமும் அளவும் முக்கியம். வழக்கமாக வெள்ளையாக இருந்தது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, அளவும் கூடி, இளைப்பும் சேர்ந்துகொண்டால் கிருமித்தொற்று வந்திருக்கலாம். அப்போது மருத்துவரைப் பார்க்காமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பது சரியன்று. எரிவாயு வந்துவிட்டது என்கிறீர்கள். வெந்நீர் எதில் போடுகிறார்? மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்கு மூட்டம் போடுவது யார்? இரவில் கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்தி ஏற்றுகிறாரா? ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வாய்க்கால் ஓரத்து வீடுகளில் கொசுவைச் சகித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கொசுவலை கட்டிக்கொள்ளச் சொல்வேன்.

கூடவே, இரவில் அவர் படுக்கும் விதத்தையும் கவனியுங்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார், தலையணையை ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்கிறார், மாலையில் கணுக்கால் வீங்குகிறது என்றால் இதயத்தையும் பார்க்க வேண்டும். முதிய பெண்களின் இளைப்புக்குச் சோகையும் ஒரு காரணம் என்பதால் ஹீமோகுளோபின் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: நான் 61 வயது நாதஸ்வரக் கலைஞன். ஆலாபனையில் ஒரே மூச்சில் பிடித்துவந்த கார்வை இப்போது பாதியில் அறுந்துபோகிறது. சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசித்துக்கொண்டு நான்கு வீதியும் நடக்கும்போது, இரண்டாம் வீதியிலேயே பக்கத்தில் வாசிக்கும் மகனிடம் விட்டுவிடுகிறேன். உட்கார்ந்திருக்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. புகைப்பதில்லை. (திருவாரூர்ப் பக்கத்து வாசகர்)

பதில்: தன் மூச்சை நாள்தோறும் அளந்து பார்க்கும் வாய்ப்பு உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தெரிவது உங்களுக்கு ஒரு கார்வையிலேயே தெரிந்துவிட்டது. அதை அலட்சியம் செய்யாமல் எழுதியது நல்லது.

முதலில் மூச்சுக்கு வெளியே உள்ள காரணங்களைத் தள்ளிவிட வேண்டும். முன்பல் விழுந்திருந்தாலோ, பல்செட் புதிதாக வைத்திருந்தாலோ உதட்டுப் பிடிப்பு தளர்ந்து காற்று ஓரங்களில் கசியும். குடலிறக்கம் இருந்தால் அடிவயிற்றிலிருந்து அழுத்தம் கொடுக்க முடியாது. சீவாளியை மாற்றினீர்களா என்பதை என்னைவிட நீங்களே நன்கு அறிவீர்கள். இவை எதுவும் இல்லை, வாத்தியம் இல்லாமல் வெறுங்கையோடு வேகமாக நடந்தாலும் இளைக்கிறது என்றால், நுரையீரலையும் இதயத்தையும் பார்த்தாக வேண்டும். நடக்கும்போது மட்டும் வந்து நின்றதும் அடங்கும் இளைப்பு, மார்வலி இல்லாமலேயே, இதய இரத்தக் குழாய் அடைப்பின் அறிகுறியாக இருப்பதும் உண்டு. ஆகவே ஈ.சி.ஜி.யோடு நிறுத்திவிடாமல் இதய மருத்துவரின் கருத்தையும் பெறுங்கள்.

ஊதும் பரிசோதனையில் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. உயரம், வயது, பாலினம் ஆகியவற்றை வைத்து, சராசரி மனிதருக்கு இருக்க வேண்டிய அளவில் உங்களுக்கு எத்தனை விழுக்காடு என்றே அறிக்கை சொல்லும். இளமை முதல் காற்றுவாத்தியம் வாசித்த ஒருவருக்கு ஒரு காலத்தில் அது 110, 115 என்று இருந்திருந்தால், இன்றைய 85 என்பது தாளில் "இயல்பு" என்றே அச்சாகும். அவருக்கோ அது பெரிய சரிவு. பழைய அளவு கையில் இல்லாததால் இப்போதைய அறிக்கையைப் பத்திரப்படுத்தி, ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்தில் ஊதி ஒப்பிடுங்கள். உங்கள் மகனுக்கு இப்போதே ஒருமுறை எடுத்து வைத்துவிட்டால் அவருக்கு இந்தக் குழப்பம் வராது.

இன்னொன்று. ஸ்காட்லாந்து மரபில் வாசிக்கப்படும் பேக்பைப் என்ற துருத்தி வாத்தியத்தை நாள்தோறும் வாசித்துவந்த 61 வயது மனிதர் ஒருவர், அதன் ஈரப் பையில் வளர்ந்த பூஞ்சைகளால் நுரையீரல் தடித்து இறந்ததை மான்செஸ்டர் மருத்துவர்கள் 2016இல் பதிவுசெய்தார்கள். வாத்தியத்தை வீட்டில் விட்டுவிட்டு அவர் ஆஸ்திரேலியாவில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது மட்டும் நன்றாக நடக்க முடிந்திருக்கிறது. நாதஸ்வரத்தில் காற்றுப்பை கிடையாது என்பதால் அந்த அளவு அச்சம் தேவையில்லை. இருந்தாலும் கச்சேரி முடிந்ததும் ஈரச் சீவாளியை அப்படியே பெட்டிக்குள் போட்டு மூடாமல், காற்றாட உலரவிட்டு எடுத்துவையுங்கள்.

கேள்வி: கொரோனாக் காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரில் எனக்கு எப்போதும் 97 காட்டுகிறது. அப்படியானால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாமா? (கும்பகோணம் வாசகர், வயது 70)

பதில்: கொள்ள முடியாது. உட்கார்ந்த நிலையில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு குறைவது நுரையீரல் நோய் வெகுவாக முற்றிய பிறகுதான். ஒரு நிமிடம் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்த பிறகு, அல்லது ஆறு நிமிடம் தன் வேகத்தில் நடந்த பிறகு பார்த்தால் அது ஓரளவு பயன்படும். ஓய்வில் இருந்ததைவிட 4 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டுவலியோ இதய நோயோ உள்ளவர்கள் இதைத் தனியாக இருக்கும்போது செய்து பார்க்க வேண்டாம். விரல் குளிர்ந்திருந்தாலும், நகத்தில் மருதாணியோ சாயமோ இருந்தாலும் கருவி தவறாகக் காட்டும்.

கேள்வி: எங்களுடையது கறவை மாடுகள் உள்ள குடும்பம். வைக்கோல் போரைப் பிரித்து உதறிப் போட்ட நாள்களில், மாலையில் என் கணவருக்கு (வயது 66) குளிர்சுரமும் இருமலும் நெஞ்சிறுக்கமும் வருகின்றன. இரண்டு நாளில் தானாகவே சரியாகிவிடுகிறது. ஆண்டுக்கு நான்கைந்து முறை இப்படி வருவதால் "ஃப்ளூ" என்று சொல்லி மாத்திரை கொடுக்கிறார்கள். இந்த ஆண்டு சுரம் இல்லாத நாள்களிலும் வறட்டு இருமல் இருக்கிறது, எடையும் குறைந்திருக்கிறது. (மயிலாடுதுறைப் பக்கத்து வாசகி)

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் காலம் கடத்தாமல் கவனிக்க வேண்டியது இதுவே என்று கருதுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் வரிசை, அதாவது காலையில் வைக்கோல், நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்துச் சுரம், ஓரிரு நாளில் தெளிவு, மறுபடி வைக்கோலைத் தொட்டதும் மறுபடி சுரம் என்பது, உழவர் நுரையீரல் நோய் என்று மருத்துவ நூல்கள் விவரிக்கும் ஒவ்வாமை நோயின் வரிசையோடு பொருந்துகிறது.

இது தூசியால் வரும் சாதாரண இருமல் அன்று. ஈரம் காயாமல் போர் போட்ட வைக்கோலின் உள்பக்கம் சூடேறிப் புழுங்கும்போது, வெப்பத்தில் வளரும் நுண்ணுயிரிகளும் பூஞ்சைகளும் அதில் பெருகுகின்றன. போரைப் பிரித்து உதறும்போது வெண்புகை போல எழுகிறதே, அதில் இருப்பவை பெரும்பாலும் அவற்றின் வித்துகள். அவை மூச்சுச் சிற்றறைகள் வரை போய்ச் சேரும் அளவு நுண்ணியவை. சிலருடைய உடல் அவற்றை எதிரியாகப் பாவித்துக் கடுமையாக எதிர்ப்பதால் சுரம் வருகிறது. ஒரே போரில் வேலை செய்த இருவரில் ஒருவருக்கு மட்டும் வருவதும் அதனால்தான். அறுவடைக் காலத்தில் மழை பெய்து, நனைந்த வைக்கோலை அவசரமாகச் சேர்த்துவைத்த ஆண்டுகளில் இது அதிகம். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கிறார்கள். அதே வயலில் எடுத்த வைக்கோலின் ஈரத்தைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. இயந்திரம் கட்டிய உருளைக் கட்டுகளிலும் ஈரம் உள்ளே இருந்தால் இதே கதைதான்.

ஒவ்வொரு சுரமும் தானாக ஆறிவிடுவதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரலில் தழும்பு விழத் தொடங்குகிறது. சுரமில்லாத நாளிலும் வறட்டு இருமல், எடை குறைவு என்று நீங்கள் எழுதியிருப்பது அந்தக் கட்டத்தின் நுழைவாயிலாக இருக்கலாம். இந்தியாவில் 27 மையங்களைச் சேர்ந்த நுரையீரல் திசு நோயாளிகள் 1,084 பேரைப் பதிவுசெய்து 2017இல் வெளியான ஆய்வில், முதலிடத்தில் இருந்தது இந்த ஒவ்வாமை வகையே. ஏறத்தாழ பாதிப்பேருக்கு அதுதான். வைக்கோல் மட்டுமல்லாமல், பூஞ்சை பிடித்த ஏர் கூலரும், வீட்டு மாடத்தில் கூடு கட்டும் புறாவின் எச்சமும் இறகுத் தூசியும் இதே நோயைத் தரக்கூடியவை.

நெஞ்சக நோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். போகும்போது வைக்கோல் விவரத்தை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். "என்ன வேலை?" என்ற கேள்விக்கு "விவசாயம்" என்று மட்டும் பதில் சொன்னால் விஷயம் விட்டுப்போகும். முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து அடிநுரையீரலில் வறட்டு முறுமுறுப்பு கேட்கிறதா என்று அவர் பார்ப்பார். எக்ஸ்ரேயில் தெளிவாகாதது உயர்துல்லிய சி.டி. ஸ்கேனில் தெரியும். காரணம் உறுதியானால், முதல் மருந்து வைக்கோலிலிருந்து விலகுவதுதான். மற்ற மருந்துகள் அதற்குப் பிறகே. அதுவரை போரைப் பிரிக்கும் வேலையை வேறு யாராவது செய்யட்டும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்க வேண்டாம், இந்த வித்துகளைத் துண்டு தடுக்காது. தவிர்க்க முடியாமல் நெருங்க வேண்டியவர் முகத்தோடு நன்றாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் அணிய வேண்டும்.

கேள்வி: என் மாமனார் ஒரு மாதமாக இருமுகிறார். சளியைத் துணியில் துப்பி மறைத்துவிடுகிறார். மருத்துவமனைக்கு அழைத்தால், "என்னைச் செங்கிப்பட்டிக்கு அனுப்பப் பார்க்கிறாயா?" என்று கோபிக்கிறார். (ஒரத்தநாட்டுப் பக்கத்து வாசகி)

பதில்: செங்கிப்பட்டி காசநோய் மருத்துவமனையின் பெயர் நம் பக்கத்துப் பெரியவர்கள் மனத்தில் அப்படிப் பதிந்துவிட்டது. மாதக்கணக்கில் வீட்டைவிட்டுப் பிரித்து வைத்த காலத்தின் நினைவு அது. இன்று காசநோய்க்குப் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே, வழக்கமான வகைக்கு ஆறு மாதம், இலவசமாக மாத்திரை கொடுக்கிறார்கள். சத்துணவுக்கு மாதந்தோறும் வங்கிக் கணக்கில் வரும் தொகையும் 2024 நவம்பர் முதல் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. இதை அவரிடம் நீங்கள் சொல்வதைவிட, அவருடைய நண்பர் யாரையாவது சொல்லவையுங்கள். மருமகள் சொல்லிக் கேட்கிற மாமனார் குறைவு.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. சளியில் இரத்தக் கோடு தெரிந்தால், குரல் கரகரத்துப் போய் மூன்று வாரத்துக்கு மேல் தெளியாமல் இருந்தால், மாலைச் சுரமோ எடை குறைவோ இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அவரிடம் இரு கைச் சுட்டுவிரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டவைத்துக் காட்டச் சொல்லுங்கள். இயல்பான விரல்களில் நகத்தின் அடிப்பகுதியில் சிறு சாய்சதுர இடைவெளி தெரியும். அது மறைந்து, நுனிவிரல் பருத்திருந்தால் புற்றுநோய், நுரையீரல் தழும்பு, சீழ்பிடித்த மூச்சுக்குழல் போன்றவற்றை மருத்துவர் தேடிப் பார்ப்பார். முன்பே காசநோய் வந்து முழுமையாகக் குணமானவராக இருந்தாலும் பரிசோதனை தேவை. அந்த நோய் விட்டுச் சென்ற தழும்பே பின்னாளில் நிரந்தர இளைப்புக்குக் காரணமாவது உண்டு.

கேள்வி: இன்ஹேலர் ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் பழகிவிடும் என்கிறார்களே? (நீடாமங்கலம் வாசகர்)

பதில்: போதைப் பொருளைப் போல அடிமையாக்கும் தன்மை அதற்குக் கிடையாது. நோய் நீடிப்பதால் மருந்தும் நீடிக்கிறது, சர்க்கரை மாத்திரையைப் போலத்தான். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் உடல் முழுவதும் போகும் மருந்து, இதில் மைக்ரோகிராம் கணக்கில் நேராக நெஞ்சுக்குள் போகிறது. முதியவர்களுக்குக் கை அழுத்தமும் மூச்சிழுப்பும் ஒத்துவராமல் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும் என்பதால் ஸ்பேசர் என்ற குடுவையைப் பொருத்திக்கொள்வது நல்லது. ஸ்டீராய்டு சேர்ந்ததாக இருந்தால் போட்ட பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

கேள்வி: என் பாட்டிக்கு 74 வயது. ஒரு நோயும் இல்லாதவர். இரண்டு மாதமாக இரவில் வீசிங் வருகிறது. அழுத்த மாத்திரையும், கண்ணுக்குச் சொட்டு மருந்தும் தவிர வேறு எதுவும் எடுப்பதில்லை. (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: அந்த இரண்டையும்தான் நான் முதலில் பார்ப்பேன். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற அழுத்த மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். மாத்திரையை மாற்றினால் சில வாரங்களில் நின்றுவிடும். கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து, கண்ணிலிருந்து மூக்குவழி இறங்கி இரத்தத்தில் கலந்து, மூச்சுக்குழலைச் சுருங்கச் செய்யக்கூடியது. ஒரு சொட்டுத்தானே என்று அதை மருந்துக் கணக்கிலேயே யாரும் சேர்ப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு அந்தச் சொட்டு மருந்து தொடங்கப்பட்டதா என்று பாருங்கள். குப்பியையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு நாளையே நெஞ்சக நோய் மருத்துவரிடம் காட்டுங்கள். டிமோலால்தான் என்று தெரிந்தால் அதே நாளில் கண் மருத்துவரையும் பார்த்து வேறு சொட்டு மருந்து எழுதி வாங்குங்கள். மாற்று மருந்து கைக்கு வருமுன் நீங்களாகவே நிறுத்திவிட்டால் பாட்டியின் பார்வைக்கு ஆபத்து. இரவில் இளைப்பு கூடிப் பேச முடியாத நிலை வந்தால் காலைவரை காத்திராமல் 108ஐ அழையுங்கள்.